கல்லில் நின்ற பெயரும் ஏட்டில் நில்லாத பெயரும்

ஆதிபகவன் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், மற்றொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது ஆதிபுராணம் கூறும் செய்தி. சமண இல்லங்களில் குழந்தைகள் அறிந்த கதையே இது. எழுத்துக்குப் பிராமி என்று பெயர் வந்ததும் அப்பெண்ணால் என்பது சமண மரபு. ஆகவே சமண மரபின்படி உலகில் முதன்முதல் எழுத்துக் கற்றவள் ஒரு பெண். சம்சுகிருதத்திலும் பிராகிருதத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் அளவின்றி நூல் செய்த சமயத்தின் தொடக்கக் கதை இவ்வாறு அமைந்திருத்தல் சிறப்பேயாகும்.

எனினும், தமிழுக்குச் சமணர் வழங்கிய நூல்களின் ஆசிரியர் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்ப்பின் வேறொரு காட்சி தோன்றும். சீவக சிந்தாமணி பாடியவர் திருத்தக்கதேவர். சூளாமணி தோலாமொழித்தேவர் செய்தது. பெருங்கதை கொங்குவேளிர் ஆக்கியது. யாப்பருங்கலமும் காரிகையும் அமிதசாகரர் அருளியவை. நன்னூல் பவணந்தி முனிவருடையது. அறநெறிச்சாரம் முனைப்பாடியார், மேருமந்தர புராணம் வாமன முனிவர், சூடாமணி நிகண்டு மண்டல புருடர் என இவ்வரிசை நீளும். பெயர் தெரிந்த இவ்வாசிரியருள் பெண்பாற் பெயர் ஒன்றேனும் இல்லை. எழுத்தை முதலில் கற்ற பிராமியின் வழியில் வந்த பெண்களின் நூல்கள் எங்கே போயின என்பது வினவத்தக்க வினாவாகும்.

கல்வெட்டுகள் காட்டும் குரத்தியர்

பெண்களுக்குக் கல்வி இல்லாமையால் நூலும் இல்லை என்று எளிதாக விடை கூறிவிடலாம். அவ்விடை பொருந்தாது என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று.

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அத்திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட சிறு கல்வெட்டுகளில் குரவர், பட்டாரர் பெயர்களோடு குரத்தியார் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. சங்கக் குரத்திகள், திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்பன அவற்றுட் சில. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். ஆசிரியை என்பது பொருள். ஆசிரியை எனப்பட்டவர் கல்லாதவராக இருந்திருக்க இயலாது.

வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த வேடலில் உள்ள கல்வெட்டொன்று இன்னும் வியப்புக்குரியது. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அது, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கர் ஐந்நூற்றுவரையும் காத்து ஊட்டுதற்கு ஊரார் பொறுப்பேற்ற செய்தியைத் தெரிவிக்கின்றது. அவர்களுக்கும் வேறு நானூறு தவப்பெண்டிர்க்கும் இடையே நேர்ந்த பூசலே அவ்வேற்பாட்டுக்குக் காரணமாயிற்று. ஐந்நூறு மாணாக்கரைக் கொண்ட ஆசிரியை ஒருவர், 9-ஆம் நூற்றாண்டில், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தார். அம்மாணாக்கர் எவற்றைக் கற்றனர், எந்த ஏட்டைப் பிரித்துப் படித்தனர், கனகவீரக் குரத்தியார் எந்தச் செய்யுளுக்கு எவ்வாறு பொருள் உரைத்தார் என்பன பற்றி ஒரு சொல்லும் எஞ்சவில்லை. பூசலும் உணவும் கல்லில் ஏறின, பாடம் ஏறவில்லை.

ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது கி.பி. 945-ஐ ஒட்டியது, திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்ததையும், பெண்பள்ளி ஒன்று அமைந்ததையும் கூறுகின்றது. கன்னியாகுமரி மாவட்டத்துத் திருச்சாரணத்து மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் கோயிலுக்குப் பொன்னணி அளித்த செய்தி காணப்படுகின்றது. போளூரை அடுத்த திருமலையில் சோழ அரசி குந்தவையின் பெயரால் அமைந்த சினாலயமும், அம்மலையில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் வணிகன் மனைவி சாமுண்டப்பை அளித்த கொடையும் யாவரும் அறிந்தவை.

கொடுத்த பெண்ணின் பெயரும் கிணறு எடுத்த பெண்ணின் பெயரும் திருமேனி செய்வித்த பெண்ணின் பெயரும் கல்லில் நின்றுள்ளன. கற்பித்த பெண்ணுக்குக் கூடப் பெயர் உண்டு. நூல் செய்த பெண்ணுக்கு மட்டுமே பெயர் இல்லை.

காப்பியத்திற் பேசும் பெண்கள்

ஆடவர் பாடிய காப்பியங்களில் கற்ற பெண்கள் நிறைந்திருக்கின்றனர். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் புகாரிலிருந்து மதுரை வரை கோவலனுக்கும் கண்ணகிக்கும் அறம் உரைத்துச் செல்கின்றார். சிந்தாமணியிற் காந்தருவதத்தை யாழ்ப்போரில் அரசிளங்குமரரை வெல்கின்றாள். நீலகேசியோ, தனியொருத்தியாக நாடெங்கும் சென்று குண்டலகேசி முதலாகப் பூதவாதி ஈறாகப் பிற சமயத்தாரை அவையில் நேர்நின்று வாதிட்டு வெல்லும் பெண்ணின் பெயராலேயே அமைந்த தருக்க நூலாகும்.

இத்தகைய பாத்திரங்கள் வெறுங்கற்பனையில் எழுவன அல்ல. ஐந்நூற்றுவர்க்குப் பாடம் சொன்ன குரத்தியரைக் கண்ட நாட்டிலேயே வாதிடும் நீலகேசியைப் படைக்க முடியும். ஆனால் அவளைப் பாடிய ஆசிரியர் பெயர் இன்று தெரியவில்லை. உரை செய்த சமய திவாகர வாமன முனிவரின் பெயர் நிலைத்தது. மூலம் செய்தவர் பெயர் மறைந்தது. பெயர் மறைந்த ஆசிரியர் ஆடவராகவே இருத்தல் வேண்டும் என்று ஆராயாமலே கொள்வது கற்றோரிடத்தும் வழக்கமாகிவிட்டது.

யாப்பருங்கலக் காரிகையை எடுத்துக்கொண்டால் நிலைமை மேலும் தெளிவாகும். காரிகை என்னும் சொல்லுக்கே பெண் என்று ஒரு பொருள் உண்டு. அந்நூற் சூத்திரங்கள் மகடூஉ முன்னிலையாக, ஒரு பெண்ணை விளித்து அவளுக்குக் கற்பிப்பது போல் அமைந்தவை. தமிழ்நாட்டில் யாப்பிலக்கணம் கற்ற தலைமுறைகள் அனைத்தும் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்பட்ட பாடத்தையே கற்றன. அப்பாடத்தைக் கேட்டு அவள் பாடிய செய்யுள் எது என்று எவரும் கேட்டதில்லை.

அதே அமிதசாகரர் மரபுக்கு உரிய பெருமையையும் இங்கே கூறுதல் முறை. காக்கைபாடினியார் என்னும் பெண்பாற் பெயருடைய பழைய ஆசிரியர் ஒருவர் காக்கைபாடினியம் என்னும் யாப்பு நூல் செய்தார். அந்நூல் மறைந்தது. எனினும் யாப்பருங்கல விருத்தியுரை அதன் சூத்திரங்களை ஆசிரியர் பெயர் சுட்டி மேற்கோளாக எடுத்தாண்டமையால், அவை இன்றும் எஞ்சியுள்ளன. உரைகாரர் ஒருவர் பெயரோடு எடுத்துக்காட்டினால் மறைந்த நூலும் ஒரு பகுதி உயிர்பெறும் என்பதற்கு இது நற்சான்று. அவ்வாறு எடுத்துக்காட்டாவிடின் என்ன நேரும் என்பதற்குச் சான்று கந்தியார்.

கந்தியார் வரலாறு

தமிழ்ச் சமண இலக்கிய வரலாற்றிற் கவிதை இயற்றியதாகப் பேசப்படும் ஆரியாங்கனை கந்தியார். ஆனால் அவர் பேசப்படுவது புகழால் அன்று, பழியால்.

சீவக சிந்தாமணி இன்று 3145 செய்யுட்களோடு விளங்குகின்றது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் அதனை அச்சிட்டு வெளிப்படுத்தினார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர், திருத்தக்கதேவர் பாடியவை 2700 செய்யுட்களே எனக் குறிக்கின்றார். எஞ்சிய 445-இல் மிகப் பல கந்தியார் இடையிடையே பாடிச் சேர்த்தவை என்பது கற்றோர் கூறிவரும் செய்தி. அச்செய்யுட்கள் இவையெனப் பிரித்துக் காட்ட எவராலும் இயலவில்லை.

இவ்வியலாமையைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிந்தாமணி தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. விருத்தப்பாவின் நடையைத் தமிழில் நிலைநிறுத்திய நூல். அந்நூலினுள் ஒருவர் நூற்றுக்கணக்கான செய்யுட்களைச் சேர்க்க, நூற்றாண்டுகள் பலவாக அதனைக் கற்ற புலவர் எவரும் தேவர் பாட்டினின்றும் அதனை வேறுபிரித்து அறிய இயலவில்லை எனின், சேர்த்தவரது புலமை யாது? தேவரோடு ஒப்பப் பாடும் ஆற்றல் உடையவர் என்பதன்றி வேறு விடை இல்லை. ஆயினும் அவ்வாற்றலுக்குக் கிடைத்த பெயர் இடைச்செருகல் என்பதே.

பரிபாடலுக்குப் பரிமேலழகர் இயற்றிய உரையின் சிறப்புப் பாயிரம் இன்னும் கடுமையானது. அந்நூல் சிதைந்தமைக்குக் காரணம் கூறுமிடத்து, ஏடெழுதுவோர் பிழையையும் பாடுவோர் பிழையையும் கூறி, அவற்றுக்கு முன்னே கந்தியின் பிழையை வைக்கின்றது. வேண்டாத பொருளை நகைப்புக்கிடமான சொற்களால் இடையிற் புகுத்தியதாகக் குறை கூறுகின்றது. சிந்தாமணியில் எவராலும் பிரித்தறிய முடியாத பாட்டுக்கு உரியவராகச் சொல்லப்படும் பெயர், பரிபாடலில் நகைக்கத்தக்க சொல்லுக்கு உரியதாக நிற்கின்றது.

இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. கந்தி என்பது இயற்பெயரே அன்று. தவப்பெண் என்பது அச்சொல்லின் பொருள். கன்னட நாட்டுச் சமணக் கல்வெட்டுகளிலும் துறவு பூண்ட பெண்களைக் குறிக்க இவ்வின மொழியே வழங்குகின்றது. முனிவர் என்பது எவ்வாறு ஒருவரது பெயராகாதோ அவ்வாறே கந்தி என்பதும் ஒருவரது பெயராகாது. கந்தியார் ஒருவரா பலரா, எந்த ஊரினர், எந்தக் குரவரின் மாணாக்கி என்பவற்றுள் ஒன்றையும் அப்பெயர் சொல்லாது. உதயணகுமார காவியத்தையும் கந்தியார் பாடியதாகக் கூறுவோர் உளர்; அங்கும் இதே பொதுப்பெயரே நிற்கின்றது. பழி மட்டும் ஒருவர்க்கு உரியதாக, பெயர் எவர்க்கும் உரியதன்றாக அமைந்துவிட்டது.

பிறர் நூலில் தம் பாட்டைச் சேர்த்தல் குற்றமே என்பதில் ஐயமில்லை. ஆடவரும் அது செய்தனர். கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல் எனப்படுவன வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தவை என்பது வழக்கு. ஆனால் அவர்க்குத் தம் பெயரால் வழங்கும் வேறு நூலும் உரையும் மடத்துச் சிறப்பும் உண்டு. சேர்த்த பாட்டு அவரது வாழ்வில் ஒரு செய்தி மட்டுமே. கந்தியார்க்கோ அதுவே முழு வரலாறு. தம் பெயரால் ஒரு காப்பியத்தை அவையேற்ற இயலாத ஒருவர்க்கு, முன்பே அவையேறிய காப்பியத்தினுள் ஒதுங்குவதன்றி வேறு வழி இருந்ததா என்னும் வினாவைப் பழி கூறிய எவரும் எழுப்பவில்லை.

கன்னடத்திலும் கந்தி

கன்னட நாட்டிலும் இதே நிலையைக் காணலாம். போசள மன்னர் அவையில், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கந்தி என்னும் சமணப் பெண்கவி விளங்கினார் என்றும், அபிநவ பம்பர் எனப்பட்ட நாகசந்திரர் கொடுத்த சமசியை அடிகளை உடனுக்குடன் பாடி நிறைவு செய்தார் என்றும் கன்னட மரபு கூறும். கன்னடத்தின் முதற் பெண்கவி என்று அவரைப் போற்றுவர். அவர்க்கும் முழுநூல் ஒன்று கிடைத்திலது. நாகசந்திரர் அடி கொடுக்க, கந்தி முடித்த சமசியைப் பாடல்களே எஞ்சின. கந்தி தம்மைப் புகழ்ந்து பாட மறுத்தமையால் நாகசந்திரர் இறந்தவர் போல் நடித்து, அவர் வாயிலிருந்து புகழ்ப்பாட்டைப் பெற்றார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை உண்மையாயினும் ஆகாதொழியினும், பெண்கவியின் பாட்டுப் பெரும்புலவரைச் சார்ந்தே நினைக்கப்பட்டது என்பதை அது காட்டுகின்றது.

அதே நாட்டில் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அத்திமப்பை, பொன்னர் பாடிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். இரன்னர் 993-இல் அஜிதபுராணம் பாடியது அவ்வம்மையாரின் ஆதரவினால். ஒரு நூல் அழியாமல் நிற்க வேண்டுமாயின் படியெடுத்துப் பரப்புதல் வேண்டும் என்பதை அவரினும் தெளிய உணர்ந்தவர் அரியர். அவர் காத்தளித்தவை ஆடவர் நூல்கள். நூலைக் காக்கும் உரிமையும் பொருளும் பெண்ணுக்கு இருந்தன. பெண்ணின் நூலைக் காக்க எவரும் முன்வந்ததாகச் செய்தி இல்லை.

சுவேதாம்பர மரபிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. பேரறிஞராகிய ஹரிபத்திரர்க்குப் பொருள் விளங்காத செய்யுள் ஒன்றை ஓதி, அவரைச் சமணத்துக்கு ஆற்றுப்படுத்தியவர் யாகினி மகத்தரை என்னும் துறவி. நன்றி மறவாத ஹரிபத்திரர் தம்மை யாகினி மகத்தரையின் அறப்புதல்வர் என்றே குறித்துக்கொண்டார். யாகினியின் பெயர் நின்றது அம்மகனின் கையொப்பத்தால்.

தடையாய் நின்றவை

அறிவுக் குறைவு தடையாகாதபோது, பிற தடைகள் எவை?

முதலாவது பாயிர மரபு. நூலின் சிறப்புப் பாயிரம் ஆக்கியோன் பெயர் முதலிய எட்டையும் கூற வேண்டும் என்பது நன்னூல் விதி. தன்னைத் தானே புகழ்தல் தகாது ஆதலின், அப்பாயிரத்தை ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவரே செய்தல் வேண்டும். விதி நல்லதே. ஆனால் அந்நால்வரும் ஆடவராகவே இருந்த அவையில், பெண் ஒருத்தி நூல் செய்தால் அதற்குப் பாயிரம் உரைப்பார் யார்? பாயிரம் இல்லாத நூல் முதலிற் பெயரை இழக்கும். பின்னர் மதிப்பை இழக்கும்.

இரண்டாவது ஏட்டின் இயல்பு. பனையோலை செல்லரித்து ஒடிவது. சில தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகப் படியெடுக்கப்படாத நூல் தானே மறையும். மடங்களிலும் இல்லங்களிலும் படியெடுக்கப்பட்டவை, பாடம் சொல்லப்பட்ட நூல்களும் ஓதுதற்குரிய நூல்களுமே. பாடத்தில் இடம்பெறாத பெண்ணின் ஏடு எழுதியவளின் காலத்தோடு முடிந்தது.

மூன்றாவது சமய நிலை. பெண் அப்பிறவியிலேயே வீடுபேறு எய்தாள் என்பது திகம்பர மரபின் கொள்கை. ஆரியாங்கனையர் முனிவர்க்கு அடுத்த நிலையினர். அக்கொள்கையைப் பற்றி வாதிடுதல் வரலாற்றின் பணியன்று. ஆனால் வீடுபேற்றைப் பற்றிய அக்கொள்கை, பெண் நூல் செய்யலாகாது என்று எங்கும் விதிக்கவில்லை. துறவு நிலையில் இருந்த வரிசைமுறையை ஏட்டுக்கும் கொண்டுவந்தது மக்கள் வழக்கமே. பிராமிக்கு எழுத்தளித்த சமயத்தின் மீது அப்பழியைச் சுமத்துதல் தகாது. அவ்வழக்கத்தை வளர்த்தோர் அதனின்று தப்புதலும் தகாது.

கதவு திறந்தபின்

தடை நீங்கியவிடத்து என்ன நிகழ்ந்தது என்பதையும் வரலாறு காட்டுகின்றது. பீகாரின் ஆரா நகரில் இளமையிலேயே கைம்மை எய்திய சந்தாபாய், கற்றுப் பண்டிதையாகி, 1921-இல் ஜைன பால விசிராமம் என்னும் பெண்கல்வி நிலையத்தை நிறுவினார். ஜைன மகிளாதர்சம் என்னும் பெண்கள் இதழின் ஆசிரியராகவும் நெடுங்காலம் பணியாற்றினார். 1934-இற் பிறந்த ஆரியிகை ஞானமதி மாதாஜி நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் இயற்றியதோடு, கற்றுத் தேர்ந்த பண்டிதரும் அஞ்சும் வித்தியானந்தரின் அஷ்டசஹஸ்ரி என்னும் தருக்க நூலை இந்தியில் மொழிபெயர்த்தார். இவ்வாற்றல் 20-ஆம் நூற்றாண்டிற் புதிதாகத் தோன்றியதன்று. வேடலில் ஐந்நூற்றுவர்க்குப் பாடம் சொன்னதும் இவ்வாற்றலே. அன்று பெயரிட்டுக் காப்பார் இல்லை. இன்று அச்சுண்டு, அட்டையில் ஆசிரியர் பெயருண்டு.

கும்பகோணத்தில் 1880-ஐ ஒட்டிச் சிந்தாமணியின் பொருள் தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர், சமணர் இல்லம் ஒன்றில் அந்நூலை மாதக்கணக்கில் ஓதி நிறைவு செய்த விழாவைக் கண்டு வியந்தார். காப்பியத்தைக் காத்தவை இத்தகைய இல்லங்களே. மேல்சித்தாமூர், வந்தவாசி, ஆரணி வட்டாரத்து நயினார் குடும்பங்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் ஓலைச்சுவடிகளோடு மற்றொரு செல்வமும் உண்டு. பாட்டிமார் நோன்பு நாளிற் பாடிய பாடல்கள், தாலாட்டுகள், திருமணப் பாடல்கள், தீர்த்தங்கரர் துதிகள் ஆகியன பழைய குறிப்பேடுகளில் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. பல, முதியோர் நினைவில் மட்டும் கிடக்கின்றன. அவற்றுட் சில வழிவழி வந்தவை. சில அப்பெண்களே கட்டியவை. பாடியவர் பெயரைக் கேட்டால் ‘வீட்டுப் பெரியவர்கள் பாடுவது’ என்னும் விடையே பெரும்பாலும் வரும். கந்தி என்னும் சொல்லைப் போலவே அதுவும் ஒரு பொதுப்பெயர்.

அக்குறிப்பேடுகளின் முதற்பக்கம் பெரும்பாலும் வெற்றாக இருக்கும். அதில் எழுத வேண்டியவை மிகுதியல்ல. பாடியவர் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், யாரிடம் கற்றார், எந்த ஆண்டில் எந்த நிகழ்ச்சிக்குப் பாடினார், கேட்டு எழுதியவர் யார் என்னும் ஐந்தாறு செய்திகள் போதும். பவணந்தி முனிவர் பாயிரத்துக்கு விதித்தனவும் ஏறத்தாழ இவையே. அம்மூதாட்டியர்க்குப் பாயிரம் செய்ய ஆசிரியரும் உரைகாரரும் வாரார். மகளும் மருமகளும் பேரனும் பேத்தியுமே வருதல் வேண்டும். கேட்டு எழுதுதற்கு உரியவர் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர்.